அரிசி களைந்த தண்ணீரும் படித்து முடித்த பேப்பரும்

1

“இந்தக் குப்பை மண்ணாகிறதுக்கு முந்தி நீர் வீடு மாறிப் போயிடுவீர், பிள்ளை.”

பக்கத்து வீட்டுப் பவளம் அன்ரி வேலிக்கு மேலே தலையை நீட்டி இதைச் சொன்னபோது, நான் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைத் தோட்டத்து மூலையில் நிறுத்திவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். அது போன அக்டோபர். இந்த வாரத்தோடு அந்தத் தொட்டிக்கு ஒரு வயது. கேக் வெட்டலாமா என்று என் கணவர் சரவணன் கேலி செய்கிறார். வெட்டலாம்தான், மிச்சத்தை எங்கே போடுவது என்று எனக்குத் தெரியும்.

அன்ரி சொன்னதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளின் நடுவில் வந்தவர். சிட்னியின் மெரிலேண்ட்ஸில் தொடங்கி, டூங்கபி வழியாக இந்த பென்டில் ஹில் வரை ஒன்பது வாடகை வீடுகள் பார்த்துவிட்டார். ஒன்பதில் ஒன்றிலும் ஒரு மிளகாய்ச் செடிகூட நட்டதில்லையாம். “நட்டு, அது காய்க்கிற நேரம் வீட்டுக்காரன் எழும்பு எண்டுவான். பிறகு ஆருக்கு மிளகாய்?” என்பார். இதை வருத்தமாகச் சொல்லமாட்டார். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதைப் போலச் சொல்வார்.

தொட்டியை, இங்குள்ள நகராட்சியான கவுன்சில் நடத்திய ஒரு சனிக்கிழமை வகுப்பில் வாங்கினோம். காரில் ஏற்றும்போது சரவணன் அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, “ஏய், இதுக்கு அடியே இல்லை. உடைஞ்சதைத் தலையில கட்டிட்டாங்க” என்று திரும்பக் கிளம்பிவிட்டார். வகுப்பு எடுத்த அம்மையார் சிரிக்காமல் விளக்கினார். அடி இருந்தால் மண்புழு எப்படி உள்ளே வரும்? சரவணன் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். புழு உள்ளே வராமல் இருக்க வேண்டும் என்பதே அவருடைய தொழில்.

2

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. காய்கறித் தோலை எங்கே போடுவது என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை. தெருமுனைக்கு வந்தால் மாடு பார்த்துக்கொள்ளும். இங்கே எங்கள் சமையலறையிலிருந்து வாரம் முழுக்கச் சேர்கிற கீரைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, பால் பிழிந்த தேங்காய்ப்பூ, வாழைக்காய்த் தோல் எல்லாம் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு, மூடி போட்ட தொட்டிக்குள் வெயிலில் வெந்து, செவ்வாய்க்கிழமை லாரியில் போகும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. நான் வேதியியல் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலுக்குள் போன முதல் ஆள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை, கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிக்கொள்வேன்.

இங்கே அந்தப் பட்டத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டு நான் அனுப்பிய படிவங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. ஒன்றில் சான்றிதழின் நகல் போதாது, அசல் வேண்டும் என்றார்கள். அடுத்ததில் அசலை அனுப்ப வேண்டாம், சான்றொப்பமிட்ட நகல் போதும் என்றார்கள். எல்லாம் முடிந்து, ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலை கிடைத்தது. வேலை பிடித்துத்தான் இருக்கிறது. ஆனாலும் படித்த ஏதோ ஒன்றை என் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது. கார்பன் முப்பது பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்று நான் பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். இலையும் தாளும் கார்பன், தோலும் தண்டும் நைட்ரஜன். இதில் என்ன கஷ்டம்?

சிட்னியில் அப்போதும் இப்போதும் தண்ணீர்த் தட்டுப்பாடு. தோட்டத்துக்குக் குழாய் பிடிப்பதென்றால் வாரத்தில் குறித்த நாட்களில், குறித்த நேரத்தில்தான். நான் அரிசி களைந்த தண்ணீர், பருப்புக் கழுவிய தண்ணீர், சோறு வடித்த கஞ்சி எல்லாவற்றையும் வாளியில் பிடித்துவைத்தேன். செடிகள் குடித்தது போக மீதியைத் தொட்டியில் ஊற்றினேன். சத்துள்ள தண்ணீர், மண்ணுக்கும் நல்லதுதானே என்று எனக்கு நானே பாராட்டு வழங்கிக்கொண்டேன்.

ஆறு வயது மகள் கயலுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வது அவளுடைய வழக்கம். வாழைப்பழத் தோலைத் தொட்டியில் போட்டுவிட்டு வா என்றால், “ஐயம் நாட் கோயிங் நியர் தட் திங்” என்பாள். பிறகு பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா கம்ப்யூட்டரில் வேலை, அம்மா குப்பையில் வேலை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அடுத்த நாள் அவளை விடப் போனபோது ஆசிரியை என் கையைப் பிடித்து, எந்த வேலையும் மதிப்புள்ள வேலைதான் என்று மிகவும் கனிவாகச் சொன்னார். அவரைத் திருத்த எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. அதற்குள் ரயில் போய்விட்டது.

3

ஜனவரி வெயிலில் தொட்டி நாற ஆரம்பித்தது. நாற்றம் என்றால் புளித்த மாவில் தொடங்கி, அடைத்துப்போன சாக்கடையில் போய் நின்றது. மூடியைத் தூக்கினால் குட்டி ஈக்கள் ஒரு மேகம்போலக் கிளம்பும். உள்ளே மண்ணும் இல்லை, குப்பையும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கூழ். நான் மூடியை இறுக்கி அதன்மேல் ஒரு செங்கல் வைத்தேன். படித்தவள் கண்டுபிடித்த தீர்வு அதுதான்.

பிப்ரவரி தொடக்கத்தில் வீட்டு ஏஜென்டிடமிருந்து கடிதம் வந்தது. பின்தோட்டத்திலிருந்து துர்நாற்றம் வருவதாகப் புகார் வந்திருக்கிறது. பதினான்கு நாள் கழித்து நேரில் பார்க்க வருவோம். அதற்குள் சரியாகாவிட்டால், அடுத்த மாதம் முடிகிற லீஸைப் புதுப்பிக்கும்படி வீட்டுக்காரரிடம் எங்களால் சொல்ல இயலாது.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கயல் பள்ளியில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பள்ளி அடுத்த தெருவில். எனக்கு ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரம். இந்த வீட்டுக்கே எத்தனையோ வீடுகளில் வரிசையில் நின்று, படிவம் எழுதி, ஏமாந்துதான் வந்து சேர்ந்திருந்தோம். ஒரு வாளிக் கஞ்சித் தண்ணீரால் இத்தனையும் போகப் போகிறது.

“தொட்டியைத் தூக்கிப் போட்டுடலாம். விஷயம் முடிஞ்சுது” என்றார் சரவணன்.

“தொட்டியைத் தூக்கலாம். அதுக்கு அடி கிடையாது. உள்ள இருக்கிறது தோட்டத்திலயேதான் நிக்கும்” என்றேன்.

புகார் செய்தது யார் என்று தெரிந்துகொள்ள வெகுநேரம் ஆகவில்லை. துணி காயப்போடும்போது பவளம் அன்ரியே சொன்னார்.

“ஓம், நான்தான் சொன்னனான். எனக்கும் உதே ஏஜென்ட்தான். உம்மட்டை மூண்டு தரம் சொன்னன், நீர் செங்கல்லு வைச்சீர். என்ர குசினி யன்னலைத் திறக்கேலாமக் கிடக்கு.”

“என்கிட்ட இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே அன்ரி. இப்ப லீஸே போயிடும் போல இருக்கு.”

அன்ரி கையிலிருந்த துணிக் கவ்வியைக் கீழே போட்டுவிட்டார். “லீஸோ? லீஸ் எண்டு நான் ஒண்டும் சொல்லேல்லையே! மணம் வருது, ஒருக்கா வந்து பாருங்கோ எண்டுதான் சொன்னனான்.” கொஞ்சம் பொறுத்து, “ஐயோ, அந்தப் பெடியன் கடதாசியே அனுப்பிப்போட்டான்?” என்றார்.

ஒன்பது முறை பெட்டி கட்டியவர் அவர். அந்தக் கடிதம் எப்படி இருக்கும் என்று நான் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

4

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கே தவறு என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும்.

வகுப்பில் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஒரு வாளி சமையலறைக் கழிவு போட்டால், இரண்டு வாளி காய்ந்தது போட வேண்டும். சருகு இல்லையா, பழைய நியூஸ்பேப்பரைப் பட்டை பட்டையாகக் கிழித்துப் போடுங்கள், எல்லார் வீட்டிலும் அதுதான் நிறையக் கிடக்கும். எங்கள் வீட்டிலும் கிடந்தது. உள்ளூர் இலவசப் பத்திரிகை, மளிகைக் கடையில் சும்மா கொடுக்கிற தமிழ்ப் பத்திரிகை, ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாமல் கராஜில் இடுப்புயரம் அடுக்கியிருந்தேன். ஆனால் கிழித்து, அழுகிய கத்திரிக்காய்மேல் போட என் கை வரவில்லை.

என் அப்பா திண்டுக்கல்லில் ஒரு லாரி ஷெட்டில் மூட்டை தூக்கியவர். எழுதப் படிக்கத் தெரியாது. தெருவில் அச்சடித்த தாளில் கால் பட்டுவிட்டால் நின்று, குனிந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அது சினிமா நோட்டீஸாக இருந்தாலும் சரி. சாயங்காலம் டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த தாளைச் சட்டைப் பையில் மடித்துக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவார். “என்ன போட்டிருக்கு, வாசி.” எண்ணெய் ஊறிய இடத்தில் இரண்டு பக்க எழுத்தும் ஒன்றாகத் தெரியும். நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஒரு கிணற்றில் விழுந்த மாட்டை மீட்கத் தீயணைப்பு வண்டி வந்தது, வீரர்கள் கயிறு கட்டி... அவ்வளவுதான், தாள் முடிந்துவிடும். “மீதி?” என்பார் அப்பா. “கிழிஞ்சுபோச்சுப்பா.” இரண்டு பேரும் சாப்பிடும்போதெல்லாம் அந்த மாடு பிழைத்ததா இல்லையா என்று பேசிக்கொண்டிருப்போம். நான் வாசிக்கப் பழகியது பாடப் புத்தகத்தைவிட வடைத் தாளில்தான்.

அப்படி வளர்ந்தவளால் எழுத்தைக் கிழித்துக் குப்பையில் போட முடியுமா? போடவில்லை. காய்ந்தது இல்லாமல் ஈரத்தையே கொட்டினேன், அதன்மேல் கஞ்சியும் ஊற்றினேன். பரீட்சையில் எழுதிய விகிதம் கையில் இல்லாமல் போனது இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஊருக்குப் பேசினேன். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். பேப்பர் போட்டால் சரியாகும், எனக்குத்தான் மனசு வரவில்லை என்பதையும் சொன்னேன். அப்பா திட்டுவார் என்று நினைத்தேன்.

“படிச்சுட்டியா?” என்றார்.

“எதைப்பா?”

“அந்தப் பேப்பரைத்தான்.”

“எல்லாத்தையும் எப்படிப்பா? ஒரு கட்டு கிடக்கு.”

“படிக்காம கிழிச்சாத்தான் பாவம். படிச்சு முடிச்சதை மண்ணுக்குக் கொடு, யாரு கேக்கப் போறா? நான் கண்ணுல ஒத்திக்கிட்டது எதுக்குன்னு நினைச்சே? என்னால படிக்க முடியலையேன்னுதான்.” பிறகு குரல் மாறியது. “சரி, கிழிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு வாசி. அந்த ஊர்ல என்னதான் நடக்குதுன்னு கேப்போம்.”

கராஜுக்குப் போய் மேலே கிடந்ததை எடுத்து வந்தேன். ஒரு சாம்பல் நிறப் பூனையைக் காணோம், பெயர் ஆஸ்கர், வலது காதில் ஒரு வெட்டு, சங்கோஜி, யாராவது பார்த்தால் சொல்லவும் என்று இருந்தது. தமிழாக்கி வாசித்தேன்.

“பூனைக்கு எதுக்குடி சங்கோஜம்?” அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு, “கிடைச்சுதா?” என்றார்.

“தெரியலப்பா. இது போன வருஷப் பேப்பர்.”

“அதுக்கடுத்த பேப்பரைப் பாரு. எல்லாம்தான் அடுக்கி வச்சிருக்கியே.”

பார்த்தேன். மூன்று இதழ் தள்ளி, ஆஸ்கர் ஒரு சலவைக்கடையின் பின்னால் கிடைத்துவிட்டதாகவும் உதவிய எல்லாருக்கும் நன்றி என்றும் இருந்தது. இத்தனை வருடத்தில் நானும் அப்பாவும் ஒரு செய்தியை முடிவு வரைக்கும் படித்தது அதுதான் முதல் தடவை.

5

அன்று தொடங்கி பத்து நாள் எங்கள் வீட்டில் வாசிப்புதான். வேலையிலிருந்து வந்ததும் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேப்பரைப் புரட்டிப் படிப்பேன். முடித்த தாளை நீளவாக்கில் கிழித்து வாளியில் போடுவேன். படிவங்களுக்கு வந்த பதில்களின் நகல்களை அசலோடு சரிபார்த்துவிட்டுக் கிழித்தபோது வந்த சுகம் தனி. சாமி படம் போட்டதை மட்டும் இன்றும் கிழிப்பதில்லை. அவற்றைத் தனியே வைத்திருக்கிறேன், என்ன செய்வதென்று தெரியவில்லை.

சரவணன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கூழ் முழுவதையும் தார்ப்பாயில் அள்ளிப் போட்டார். பேப்பர் ஒரு அடுக்கு, கூழ் ஒரு அடுக்கு, தெருவில் பொறுக்கிய யூகலிப்டஸ் சருகு ஒரு அடுக்கு. ஒன்றுவிட்டு ஒரு நாள் கிளறினோம். கஞ்சித் தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போனது.

இரண்டாம் நாள் வேலிக்கு மேலே ஒரு பெரிய கட்டுப் பேப்பர் வந்தது. பின்னாலேயே பவளம் அன்ரியின் தலை.

“மகன் வாங்கிறது. உமக்கு உதவும் எண்டு கொண்டந்தனான்.”

“படிச்சதா அன்ரி? படிக்காததை நான் கிழிக்கமாட்டேன்.”

“உதென்ன புதுச் சட்டம்?” என்று முறைத்தார். விஷயத்தைச் சொன்னேன். கட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். மறுநாள் கொண்டுவந்தபோது, “தலைப்பெல்லாம் வாசிச்சிட்டன். கிரிக்கெட் பக்கம் எனக்கு விளங்காது, அதை நீர் பாரும்” என்றார்.

ஐந்தாம் நாள் காலையில் மூடியைத் திறந்தேன். ஆவி வந்தது. உள்ளே கையை விட்டால் சூடு. இட்லிப் பானையைத் திறந்ததுபோல முகத்தில் அடித்தது, ஆனால் நாற்றம் பாதியாகியிருந்தது. “வேகுதுங்க, வேகுது!” என்று கத்தினேன். கயல் தூக்கக் கலக்கத்தோடு வந்து, ஒரு அடி தள்ளி நின்று, கையை மட்டும் ஆவியில் நீட்டிப் பார்த்தாள். “சுடுது” என்றாள். தமிழில்தான் சொன்னாள். நான் அதைப் பெரிதுபடுத்தாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

கடிதம் வந்த பதினான்காம் நாள் ஏஜென்ட் ஜேசன் வந்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது, கூர்மூக்கு ஷூ, கையில் காமிரா. அடுப்பை, குளியலறையை, சுவரில் கயல் கிறுக்கியதை எல்லாம் படமெடுத்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்தார். எனக்கு ஆங்கிலம் வாயிலேயே ஒட்டிக்கொண்டது. “இப்போது வெந்துகொண்டிருக்கிறது. முன்பு வெறுமே அழுகியது” என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன். அவர் ஓர் எட்டுப் பின்வாங்கி, “இதையா சமைக்கிறீர்கள்?” என்றார்.

அப்போது வேலிக்கு மேலே அன்ரி. பயமில்லாத ஆங்கிலம் அவருக்கு. “நான்தான் புகார் சொன்னேன் தம்பி. இப்போது நானே சொல்கிறேன், நாற்றமில்லை. வேண்டுமென்றால் மூக்கை வைத்துப் பார்.”

ஜேசன் உண்மையிலேயே குனிந்தார். பேப்பர் பட்டைகள் பழுப்பாகிப் பாதி கரைந்திருந்தன, ஒரு மண்புழு நெளிந்தது. மூக்கைச் சுருக்கத் தயாராக வைத்திருந்தவர் அப்படியே நிமிர்ந்தார். “காளான் வாசனை மாதிரி இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் படிவத்தில் ஏதோ எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். தோட்டம், நன்று.

அடுத்த வாரம் லீஸ் வந்தது. ஒரு வருடத்துக்கு இல்லை, ஆறு மாதத்துக்கு. ஏனென்று யாரும் சொல்லவில்லை. “பரவாயில்லை, ஆறு மாசம் நல்ல காலம்” என்றார் அன்ரி. அவருடைய கணக்கில் அது நிஜமாகவே நல்ல காலம்தான்.

6

ஜூன் மாதம் தொட்டியைத் தூக்கினோம். அடியில்லாத தொட்டி சட்டை கழற்றுவதுபோலக் கழன்றது. கறுப்பாக, உதிரியாக மண் நின்றது. அதில் கத்திரிக்காய் எது, கடிதம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பிடி அள்ளி அன்ரியிடம் வேலிக்கு மேலே நீட்டினேன். வாங்கி, விரலால் நசுக்கிப் பார்த்தார். “சரி. நீர் வெண்டீர்” என்று தான் தோற்றதை ஒப்புக்கொண்டார்.

செப்டம்பரில் முன்வாசலில் ஒரு பலகை நட்டார்கள். வீடு விற்பனைக்கு. ஆறு மாதத்தின் காரணம் அப்போதுதான் புரிந்தது. வாங்குபவர் குடிவர விரும்பினால் நாங்கள் கிளம்ப வேண்டும். ஜேசன் போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தோட்டத்தை மட்டும் அப்படியே விட்டுச் செல்லுங்கள், படத்தில் நன்றாக வருகிறது என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அந்தப் புல்லும் வேலியும் வீட்டுக்காரருடையவை, ஒப்புக்கொள்கிறேன். அந்த மண் நாங்கள் சாப்பிட்டதிலும் படித்ததிலும் வந்தது. அதை எந்தப் பலகை விற்க முடியும்?

கயலை நூலகத்துக்குக் கூட்டிப் போனபோது சுவரில் ஒரு அறிவிப்பு கண்ணில் பட்டது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பொதுத் தோட்டம், பாத்திகள் காலியாக இருக்கின்றன, தோட்டமில்லாதவர்களும் வாடகைக்காரர்களும் விண்ணப்பிக்கலாம். பாத்தி ஆளின் பெயரில் இருக்கும். வீடு மாறினாலும் பாத்தி மாறாது. படிவத்தில் இரண்டு பெயர் எழுத இடம் இருந்தது. முதல் வரியில் என் பெயரை எழுதினேன். இரண்டாவதை எழுதிவிட்டுத்தான் அன்ரியிடம் சொன்னேன்.

“என்னைக் கேக்காமலோ?”

“கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க.”

“ஓம், சொல்லியிருப்பன்.” பிறகு நீண்ட நேரம் துணி மடித்தார். “அந்த இடத்தில வெயில் விழுமோ? மிளகாய்க்கு வெயில் வேணும்.”

போன சனிக்கிழமை எங்கள் காரில் நான்கு நடை அடித்தோம். பதினொரு அரிசிச் சாக்கு மண். கயல் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே வைத்துக்கொண்டு வந்தாள். எங்களுக்குக் கிடைத்த ஏழாம் எண் பாத்தியில் கொட்டிப் பரப்பிவிட்டு, அடியில்லாத தொட்டியை அங்கேயே மூலையில் நிறுத்தினோம். இன்று காலை வேலைக்குப் போகும் வழியில், எங்கள் வீட்டு வெங்காயத் தோலையும் அன்ரி வீட்டு வாழைக்காய்த் தோலையும் ஒரே வாளியில் எடுத்துப் போய் அதில் போட்டுவிட்டு, எட்டு மணி ரயிலைப் பிடித்தேன்.